நூற்று நாற்பத்து நான்காவது திருத்தம்

மூன்றாவது தடவையாகச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "மூடிக்கிட்டே இருங்கம்மா, தொறந்து தொறந்து பாத்தீங்கன்னா மறுபடி விட வேண்டியிருக்கும், இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிப் போனாள் நர்ஸ் பெண். இரண்டடி போய்த் திரும்பி, "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டிருக்காங்க" என்றாள் நவமணி. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. தம்பி தங்கராஜ் இறந்து ஆறு வருஷம் ஆகிறது, அவன் மகன் பெங்களூரில் இருந்து கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை போன் செய்வான், அவ்வளவுதான். எழுபத்தோரு வயதில், ஒரு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்கு முதல் பெண் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவள், கண்ணாஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தன் மாணவியின் மகள் வயதுகூட இல்லாத பெண்ணிடம் பொய் சொல்கிறாள். மருந்து முதலில் எரிந்தது, பிறகு தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்டது நாக்கில் கசக்கும் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. மூடிய இமைக்குள் சிவப்பாக இருந்தது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் ஆரஞ்சாக மாறியது. பக்கத்தில் யாரோ வாழைப்பழம் உரித்தார்கள். எதிரே ஒரு கிழவர் தன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார், இல்லப்பா, உக்காருப்பா என்று ஒரு பெண்குரல் சலிக்காமல் சொல்லியது. அந்தக் குரலை நவமணி கவனித்துக் கேட்டாள். அதில் அலுப்பு இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது, ஆனால் போக மனமில்லாத அலுப்பு.

லென்ஸைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். ஆடி மாதம், ஒரு புல்லின் சிறுகதிரைப் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு கறை. முந்தானையால் துடைத்தாள். மறுபடி கறை. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துப் பார்த்தாள். கறை அங்கேயே இருந்தது, உமி எங்கே பிரிகிறதோ சரியாக அந்த இடத்தில், அவள் பார்க்க விரும்பும் இடத்தில். பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தது. கறை லென்ஸில் இல்லை. அன்றைக்கு லென்ஸை அதன் தோல் உறைக்குள் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பால் காய்ச்சினாள், ஒன்றும் நடக்காததுபோல. பிறகு ஒரு வாரம் கழித்துக் கதவு நிலை வளைந்து தெரிந்தது. காலண்டரில் பதினைந்தாம் தேதியைப் பார்த்தால் பதினைந்து இல்லை, சுற்றி மற்றத் தேதிகள் எல்லாம் இருந்தன. வயசானால் புரை விழும், எல்லாருக்கும் விழும், அறுத்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே வகுப்பெடுத்தாள். புரையில் கோடு வளையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ள அவளால் முடியும், அதில் அவளுக்கு இருபத்தொரு வருஷப் பழக்கம். சீ, இப்போது எதற்கு அது. வேறு எதையாவது நினைக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் நடந்து பார்த்தாளே அதை நினைக்கலாம். கட்டிலில் இருந்து கதவுக்கு ஏழடி, கதவிலிருந்து அடுப்புக்குப் பதினோரடி. அலமாரிக்கு நாலடி. அலமாரிக்குள் அவள் எழுதிவரும் புல் புத்தகத்தின் இரண்டாம் பாகம், எண்பத்தாறு புல்லினங்கள் எழுதியது, எழுதாதது நாற்பது. அலமாரி வரைக்கும் போய்விடலாம். போய்?

புல்லுக்கு அவள் எப்படி வந்தாள் என்று எல்லாரும் கேட்பார்கள், அவளும் எல்லாருக்கும் மணப்பாட்டுக் கடற்கரையைச் சொல்வாள். ஒன்பது வயதில், ஊரில் இருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குருசு கோயில் திருவிழாவுக்குப் போனபோது மணலில் ராவணன் மீசை உருண்டு ஓடியது. முள் முள்ளாக, தலை அளவுக்கு உருண்டை, காற்று தள்ளத் தள்ளக் காலே இல்லாமல் ஓடுகிற ஒரு பிராணி மாதிரி. அவள் துரத்தினாள், அது நின்றது, கிட்டப் போனால் மறுபடி ஓடியது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வரப் பிடித்துக்கொண்டு வந்தபோது அப்பா, தபால் ஆபீஸ் அப்பா, "அது ஒரு புல்லு, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்ற சொல்தான் உறுத்தியது. அம்மா டாக்டருக்குப் படிக்கச் சொன்னாள். நவமணி சென்னைக்குப் போய்ச் செடி படித்தாள். எம்.எஸ்ஸி வகுப்பில் பன்னிரண்டு ஆண்கள், அவள் ஒருத்தி. அவர்கள் மலைக்குப் போவார்கள், கொண்டுவருவார்கள், அவள் அதைத் தாளுக்கிடையில் வைத்து அமுக்கி உலர்த்தி ஒட்ட வேண்டும். "பொம்பளப் பிள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போயி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்கும்மா பதில் சொல்றது?" என்றார் பேராசிரியர். கெட்டவர் இல்லை, நிஜமாகவே பயந்தார். அவள் பரீட்சை முடிந்ததும் தங்கராஜை இழுத்துக்கொண்டு தேயிலை லாரியில் ஏறி மாஞ்சோலைக்குப் போனாள். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தக் கோடு. தங்கராஜ் அழுதான், பதினெட்டு வயதுப் பையன், அக்கா போதும்க்கா, இறங்கிருவோம்க்கா என்று. ஒரு பாறை இடுக்கில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புல் நின்றது. பனி இறங்கிக் கதிர் தலை சாய்ந்திருந்தது. இதை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்று எப்படியோ தெரிந்துவிட்டது. அது புதுசு என்று மற்றவர்களை ஒத்துக்கொள்ள வைக்க ஆறு வருஷம் பிடித்தது. வேலைக்கான நேர்காணலில் ஒருத்தர், "புல்லைப் படிச்சு என்னம்மா பண்ணப் போறே, மாடு மேய்க்கவா?" என்று கேட்டுச் சிரித்தார். "இன்னைக்குக் காலையில நீங்க சாப்பிட்ட இட்லியில முக்கால்வாசி புல்லுதான் சார், நெல்லும் ஒரு புல்லு" என்றாள். வேலை கிடைத்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டினாள், மேடையில், ரேடியோவில், வழியனுப்பு விழாவில். எல்லாரும் ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் கைதட்டல் வாசலோடு நின்றுவிடும்.

வாசலோடு நிற்காதவள் ரங்கநாயகி ஒருத்திதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் துறைக்கு ஓவியர் வேலைக்கு வந்தாள், கும்பகோணத்துப் பெண், இருபத்திரண்டு வயது, கல்யாணமான வருஷமே கணவனை இழந்தவள். தலையை நிமிர்த்திப் பேசமாட்டாள். முதல் நாள் ஒரு சிறுகதிரைக் கொடுத்து வரையச் சொன்னதற்குச் சாயங்காலம்வரை ஒரு கோடும் போடவில்லை, லென்ஸையே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றால், "இதுல மூணாவது உமிக்குள்ள ஒரு மயிர் இருக்கு மிஸ், நீங்க எழுதினதுல இல்லையே" என்றாள். நவமணி பார்த்தாள். இருந்தது. அன்றைக்கு இருந்து இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே மேஜையில், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நவமணி எழுதுவாள், ரங்கா வரைவாள், வரைந்ததைப் பார்த்து நவமணி தான் எழுதியதைத் திருத்துவாள். எத்தனை திருத்தினாள்? எண்ணியதில்லை. ரங்கா தயிர்சாதத்தைத் தனியாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாள், முதல் இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் திரும்பாமலே சாப்பிட்டாள். ஏழாம் வருஷமோ எட்டாம் வருஷமோ நவமணியின் டப்பாவில் இருந்து நார்த்தங்காய் ஊறுகாயை ஒன்றும் கேட்காமல் எடுத்தாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. ஒரு மழை நாளில் நவமணிக்குக் காய்ச்சல் வந்து அறையிலேயே படுத்துவிட்டபோது, ரங்கா தன் கையை அவள் நெற்றியில் வைத்தாள். பென்சில் சீவும் கை, நுனியெல்லாம் கரி. அந்தக் கையின் எடை இப்போதும்...

அந்தக் கையை இங்கே கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் தலைப்புப் பக்கம் வந்துவிடும். வந்துவிட்டது. எழுபத்தேழு நவம்பர், புத்தகம் அச்சில், முதல் பாகம், நானூறு பக்கம், நூற்றுப் பத்தொன்பது படங்கள். தலைப்புப் பக்கத்தின் பிழை திருத்தும் தாள் வந்திருந்தது. நவமணி எழுதிக் கொடுத்தபடியே இரண்டு பெயர்கள், ஒன்றின்கீழ் ஒன்று. புத்தகம் வெளிவந்தபோது ஒரு பெயர்தான் இருந்தது. இரண்டாவது பெயர் நன்றியுரையில், உலர்த்தி ஒட்டியவர்களோடும் தட்டச்சு செய்தவரோடும், ஐந்தாவதாக. பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட் குழு ஒத்துக்கொள்ளவில்லை என்று நவமணி சொன்னாள், படம் வரைகிறவர்களுக்குப் பெயர் போடும் வழக்கம் இல்லையாம், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ரங்கா, "பரவாயில்லை மிஸ்" என்றாள். நாலு மாதம் கழித்து ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணா வீட்டோடு போய்விட்டாள். தான் ஓய்வு பெற்ற வழியனுப்பு விழாவில்கூட நவமணி அந்தக் கதையைச் சொன்னாள், மேடையில், குரல் கம்ம. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். போன மாதம் பல்கலைக்கழகப் பதிப்புத் துறையில் இருந்து கடிதம் வந்தது, முதல் பாகத்தை மறுபதிப்பு செய்கிறோம், திருத்தங்கள் இருந்தால் இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். பெரிய எழுத்தில், வரி கோணிக் கோணி, எழுதினாள். ஊர்ப் பெயர்ப் பிழைகள், அளவுப் பிழைகள், மாறிப்போன இரண்டு படங்கள், மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. தாள் இதோ கைப்பைக்குள் இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றோடு பேனா நின்றுவிட்டது. ஒவ்வொரு நாள் காலையும் எடுத்துப் பார்த்தாள், ஒவ்வொரு நாளும் நூற்று நாற்பத்து மூன்றுதான்.

சிண்டிகேட்டிடம் யாரும் கேட்கவில்லை. இதை மூடிய கண்ணுக்குள் சொல்லிப் பார்த்தாள், உதடு அசைந்ததோ என்னவோ. யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவில்லை. அந்த அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள், ரங்கா அன்றைக்கு லீவு. அவள்தான் அந்தப் பெயரைப் பேனாவால் அடித்தாள். ஏனென்றால், ஏனென்றால் அதற்கு முன்னால் இரண்டு பேர் பெயரிலும் ஒரு கட்டுரை வந்தபோது வராந்தாவில் யாரோ, ரெண்டு பொம்பளைங்க சேந்து கோலப் புத்தகம் போட்டிருக்காங்க என்று சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பேச்சு புத்தகத்தின்மேல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான். சரி. அது ஒரு காரணம். இத்தனை வருஷமும் பொய்க்குக் கீழே அந்தக் காரணம் இருந்தது, பொய் நழுவினால் நிற்க ஓர் இடம் வேண்டுமே. இன்றைக்கு அதுவும் நழுவியது. ஏனென்றால் அடித்து முடித்த பிறகு தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாளே, அது ஞாபகம் இருக்கிறது. நவமணி என்று ஒரே ஒரு பெயர், சுற்றிலும் வெள்ளை. பார்க்க அழகாக இருந்தது. கோலப் புத்தகமும் வராந்தாவும் அப்போது நினைப்பிலேயே இல்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, ஏம்மா அழுகுறீங்க, மருந்து கரைஞ்சு போயிரும்" என்றது பக்கத்துக் குரல், வாழைப்பழம் உரித்த கை. "அழலை, எரியுது" என்றாள் நவமணி. "எனக்கும் மொதத் தடவை அப்படித்தான் எரிஞ்சுச்சு. இப்ப எங்க வீட்டுக்காரருக்குப் பாக்க வந்திருக்கேன், அவருக்கு ஆபரேசன். நான் அங்கன்வாடி டீச்சரு, பேரு செல்லக்கனி. உங்க கூட யாரும்மா?" நவமணி வாயைத் திறந்து, பிறகு, "யாருமில்லை" என்றாள். சொன்னதும் கைகள் தாமாகப் பையைத் திறந்தன. "நீங்க எழுதுவீங்கள்ல? ஒரு வரி எழுதித் தரணும். இந்தத் தாள்ல, கடைசியில." செல்லக்கனி தாளை வாங்கிக்கொண்டாள், பேனாவைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. "நூத்தி நாப்பத்தி மூணு இருக்கும்மா. அதுக்குக் கீழயா?" "ஆமா. நூற்று நாற்பத்து நான்கு. தலைப்புப் பக்கம். நவமணி என்ற பெயருக்குக் கீழே ரங்கநாயகி என்ற பெயரைச் சேர்க்கவும்." எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள் அந்த அம்மாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. "ரங்கநாயகி யாரும்மா, தங்கச்சியா?" "புத்தகத்துக்குப் படம் வரைஞ்சவ. பாதி அவ எழுதினதுதான்." "இத்தன நாளா பேரு போடலையாக்கும்?" "போட்டிருந்துச்சு. நான் அடிச்சிட்டேன்." வெளியே ஒரு ஸ்ட்ரெச்சர் உருண்டு போனது. "ஏம்மா?" என்று செல்லக்கனி கேட்டாள், குற்றம் சொல்லும் குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான். "என் பேரு மட்டும் இருந்தா நல்லாருந்துச்சு" என்றாள் நவமணி. முதல் தடவையாக வெளியே வந்த வார்த்தை, முகம் தெரியாத ஒருத்தியிடம். செல்லக்கனி பேனாவை மறுபடி சொடுக்கி மூடினாள். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்து, பையை அவள் மடியில் வைத்து, "அதான் இப்பப் போட்டாச்சுல்லம்மா, விடுங்க" என்றாள். அவ்வளவு சுலபமா? நெஞ்சு லேசானதுபோல இருந்தது. லேசானதுபோல இருப்பதையே நவமணி சந்தேகத்தோடு தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டர் ஒரு பெண், குரலை வைத்து முப்பது வயது இருக்கும். தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சினாள். மேலே பாருங்க, கீழே, என் காதைப் பாருங்க. எதிர்ப்பக்கம் இருந்து லென்ஸ் வழியாகத் தன்னை ஒருத்தி இவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பது நவமணிக்குப் புதிது, பாவம் அந்தப் புற்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. "என்ன வேலை பாத்தீங்க?" "புல் பாத்தேன்." டாக்டர் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா, இது புரை இல்ல. உள்ள இருக்கிற நரம்புத் திரையோட நடுப்பகுதி தேஞ்சிருக்கு. வலது கண்ணுல நடுப் பார்வை போயிட்டுது. இடதுல ஆரம்பிச்சிருக்கு." "எத்தனை நாள்?" "ஆறு மாசம் ஆகலாம், ரெண்டு வருசமும் ஆகலாம். முழுசா இருட்டாயிடாது, பயப்படாதீங்க. ஓரத்துல தெரியும், நடமாடலாம். வாசிக்கிறது, நுணுக்கமா பாக்கிறது, அதுதான்..." முடிக்காமல் விட்டாள். நவமணி நன்றி சொன்னாள். எழுந்தபோது நாற்காலி எங்கே முடிகிறது என்று தெரியாமல் இடுப்பில் இடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். இரண்டாம் பாகம் நின்றுபோயிற்று என்று மனம் ஒரு தகவல்போல் சொன்னது. இனி இந்த நாற்பது புல்லையும் வேறு யாராவது பார்ப்பார்கள், அல்லது யாரும் பார்க்க மாட்டார்கள், மலையில் அது பாட்டுக்கு நிற்கும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம்? உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இதன் அர்த்தம் முழுசாகப் புரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் வெயில் சுண்ணாம்பை விசிறியதுபோல் அடித்தது. டெலிபோன் பூத்தைத் தேடிப் பிடித்து, டைரியை நீட்டி, "இதுல ரங்கநாயகின்னு இருக்கும், அந்த நம்பரைப் போடுங்க" என்றாள் பூத்துக்காரரிடம். மூன்று வருஷம் முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, ரங்காவின் அண்ணா மகன் கல்யாணம், கடிதம் எதுவும் இல்லாமல் வெறும் பத்திரிகை. அதன் ஓரத்தில் இருந்த நம்பர். அப்போது எழுதிவைத்துக்கொண்டாள், கூப்பிடவில்லை. "கும்பகோணமாம்மா?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒரு இளம்பெண் எடுத்தாள். யார் பேசறது என்றதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "மிஸ்னு சொல்லுங்க, தெரியும்" என்றாள். தூரத்தில் குக்கர் விசில். கால் தேய்த்து நடந்து வரும் சத்தம். மூச்சு.

"சொல்லுங்கோ மிஸ்."

குரல் உடைந்து கிழவியின் குரலாகியிருந்தது, ஆனால் அந்த மிஸ் அப்படியே இருந்தது. நவமணி ஒத்திகை பார்த்திருந்த எதுவும் வரவில்லை. "ரங்கா, முதல் பாகம் மறுபடி போடறாங்க. அந்தப் பேர்... சிண்டிகேட் இல்லை ரங்கா. நான்தான் அடிச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"படம்லாம் சரியா வந்திருக்கான்னு பாக்க அச்சாபீஸ் போனேனே. அந்தத் தாள் அங்கே மேஜை மேலதான் கிடந்தது. பச்சை இங்க், ஸ்கேல் வெச்சு நேரா அடிச்சிருந்தேள். உங்க கோடு எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்வேள்னு நாலு மாசம் அந்த மேஜையிலேயே உக்காந்துண்டிருந்தேன்."

பூத்துக்குள் காற்றில்லை. கண்ணாடிக் கதவில் யாரோ விரலால் தட்டினார்கள், சீக்கிரம் என்று. "இப்பப் போடச் சொல்லிட்டேன் ரங்கா," என்றாள் நவமணி, அவசரமாக, கையில் இருப்பதை நீட்டுவதுபோல. "எழுதியாச்சு. உன் பேரு இனிமே இருக்கும்."

மறுமுனையில் ரங்கா சிரித்தாள் போலிருந்தது, இல்லை, தொண்டையைச் செருமினாள். "எடுக்கறச்சேயும் என்னைக் கேக்கலை. போடறச்சேயும் கேக்கலை."

நவமணி பூத்தின் சுவரில் சாய்ந்துகொண்டாள். எத்தனை வருஷம் அந்தப் பெயரையே சுற்றிச் சுற்றி வந்தாள், எடுத்தது, போடுவது, எடுத்தது, போடுவது. அந்தப் பெயருக்கு ஒரு வாய் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. இன்றைக்குப் பெஞ்சில் நெஞ்சு லேசானதே, அதுவும்கூடத் தன் பக்கத்து லேசுதான். "இப்பக் கேக்கிறேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னாள். "இப்பக் கேக்கிறேன் ரங்கா. போடலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன் மிஸ். ஒரு வாரம் ஆகட்டும்."

இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமை கெடு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. "ஆகட்டும்" என்றாள்.

"எங்கேர்ந்து பேசறேள்? லாரி சத்தமா கேக்கறது."

"கண்ணாஸ்பத்திரி வாசல். நடுவுல தெரியாதாம் இனிமே. ஓரம் மட்டும் தெரியும்."

 குக்கர் மறுபடி விசிலடித்தது, அந்த இளம்பெண் யாரிடமோ ஏதோ சொன்னாள். நவமணி ரிசீவரை இன்னும் அழுத்திக் காதில் வைத்தாள். "இரண்டாம் பாகத்துல பாக்கி இருந்திருக்குமே" என்றாள் ரங்கா கடைசியில், மெதுவாக. "ஆமா, நாற்பது" என்றாள் நவமணி. "சரி, வெச்சுடறேன்" என்று ரங்கா வைத்துவிட்டாள். நவமணியின் நம்பரைக் கேட்கவில்லை. கேட்க மறந்தாளா, கேட்க வேண்டாம் என்று விட்டாளா, அடுத்த புதன்கிழமை யார் யாரைக் கூப்பிட வேண்டும், ஒரு வாரம் என்றால் எந்த நாளில் இருந்து ஒரு வாரம். மனம் அதிலேயே சிக்கிக்கொண்டு சுற்றப் பார்த்தது. நவமணி டைரியை மறுபடி பூத்துக்காரரிடம் நீட்டினாள். "இன்னொரு நம்பர். பதிப்புத் துறைன்னு இருக்கும்."

எடுத்தவர் மரியாதையானவர். வெள்ளிக்கிழமை வரவேண்டிய திருத்தம் வராது, ஒரு வாரம் தள்ளும் என்றதும் பதறினார். "மேடம், அச்சுக்குத் தேதி கொடுத்தாச்சு. இப்ப நிறுத்தினா அடுத்த வருசத்துக்குப் போயிரும், சமயத்துல வராமலே போயிரும். நூத்திச் சொச்சம் திருத்தம்தானேன்னு போன வாரம் சொன்னீங்க, அதை இன்னைக்கே போன்ல சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"அதெல்லாம் இருக்கு. ஒண்ணு மட்டும் இல்லை. நிறுத்தி வைங்க."

"காரணம்னு ஃபைல்ல என்ன மேடம் எழுதறது?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் போனார்கள், உடம்பும் கையும் காலும் இருந்தன, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"ஒருத்தர்கிட்ட அனுமதி கேட்டிருக்கேன், இன்னும் கொடுக்கலைன்னு எழுதிக்குங்க" என்றாள் நவமணி.